இடது காலுக்கு வேலையில்லை

கிளட்ச் இல்லாத வண்டி.
அதற்காகத்தான் வாங்கினேன், ஓசூரில்,
மூன்று பேர் கை மாறியதை.
என் இடது கால் மூன்று வயதிலிருந்து ஒரு பயணி.
கூடவே வரும்,
டிக்கெட் எடுக்காது.

சந்தூரில் கன்று ஏற்றிய முனிரத்னா
வண்டிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
“தானா ஓடுமாமே?”
ஆமாம் என்றேன்.

வத்தல்மலை.
முந்தின ராத்திரி மழை.
பைமண் ஊறி ஊறி
சந்தூரில் சொன்ன எடையை
எந்தக் கன்றும் அடிவாரத்தில் ஒப்புக்கொள்ளவில்லை.
நூற்றி அறுபது. பெங்களூராவும் செந்தூராவும்.
பின்சீட்டை மடக்கிக் கூரை வரை இலை.
கண்ணாடியில் சாலை இல்லை.
ஒரு தோப்பு
என்னைத் துரத்திக்கொண்டு வந்தது.

லீவரை ‘டி’யிலேயே விட்டது முதல் தப்பு.
இரண்டா மூன்றா, மூன்றா இரண்டா என்று
பெண் பார்க்கப் போன வீட்டில்
உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல்
தவிக்கிற மாமனைப் போல
ஒவ்வொரு ஏற்றத்திலும் கியர் மாறி மாறி விழுந்தது.

எட்டாவது வளைவில் ஒரு லாரிக்கு வழிவிட
பிரேக்கைத் தொடாமல்
ஆக்சிலேட்டரிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தேன்.
அது இரண்டாவது.
ஒரு நிமிஷம் இருக்கும்.
வண்டி நகரவில்லை.
உள்ளே எண்ணெய் மட்டும்
தன்னைத் தானே கடைந்துகொண்டிருந்தது.

பிறகு வாசனை.
அடிப்பிடித்த எள்ளுப் புண்ணாக்கு மாதிரி.
மீட்டரில் ஒரு பல்சக்கரம்,
அதற்குள் ஒரு வெப்பமானி,
மஞ்சளாக.

ஓரம் கட்டினேன். ‘பி’. கைப்பிரேக்.
கல் வைக்க ஆளில்லை.
ஊன்றுகோலால் ஒன்றை உருட்டி உருட்டி
சக்கரத்துக்கு அடியில் சேர்த்தேன்.

மேலிருந்து இறங்கிய ஜீப் நின்றது.
“ஆஃப் பண்ணுங்க சார், மொதல்ல ஆஃப் பண்ணுங்க!”
தொங்கிக்கொண்டு வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.
பண்ணவில்லை.
ராயக்கோட்டை ரோட்டில்
இதே கியர்பாக்ஸைப் பிரித்து
செய்தித்தாள் மேல் பரப்பியிருந்த தஸ்தகீர்
தட்டுகளைத் துடைத்தபடி சொன்னது காதில் இருந்தது:
“இன்ஜின் நின்னா பம்ப் நின்னுடும்.
சுட்ட எண்ணெய் அங்கயே உக்காந்து
இதுங்களத் தின்னும்.
ஓடட்டும் விடு. வேலை குடுக்காத, அவ்ளோதான்.”

வேலை கொடுக்கவில்லை.
பின்கதவைத் திறந்தேன்.
ஒரு கையில் கோல், ஒரு கையில் இரண்டு கன்று.
தடுப்புச் சுவர் வரை பதினோரு எட்டு,
அதில் பாதி இழுவை.
ஒட்டுக் கட்டிய இடத்தில் பிளாஸ்டிக் நாடா,
என் முழங்காலில் தோல் பட்டை.
இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

“செந்தூரா எவ்ளோ?”
ஜீப்பிலிருந்து இறங்காமலே ஒரு அம்மா.
“இது விக்கிறதுக்கு இல்லீங்க.”
“பின்ன ஏன் ரோட்ல அடுக்கற?”
சொல்லத் தெரியவில்லை.
ஒன்று எண்பது என்றேன், அறுபதுக்கு வந்தாள்,
இரண்டு வாங்கினாள்.
ஜீப் போனது.

அதன் பிறகு மலை முழுக்க
என் இன்ஜின் சத்தம் மட்டும்,
யாருக்காகவோ வாசலில் காத்திருக்கிறவன்
காரணமில்லாமல் கனைப்பது போல.
எண்பது கன்று இறங்கி முடிய
முக்கால் மணி நேரம்.
மஞ்சள் எப்போது அணைந்தது என்று பார்க்கவில்லை.

அளவுக்கம்பியை உருவி
வேட்டி நுனியில் துடைத்துப் பார்த்தேன்.
செம்பருத்தி நிறத்தில் இருக்க வேண்டியது.
டீ நிறத்துக்கு வந்திருந்தது.
இந்த மலையில் அது
காப்பி ஆகாமல் இருந்ததே போதும்.
கம்பி விரலைச் சுட்டது.

தானாக ஓடவில்லை, முனிரத்னா.
நான் மிதிக்காததையெல்லாம்
உள்ளே ஒன்று மிதித்துக்கொண்டிருந்தது,
மூச்சு வாங்க.
கேட்டபோது
இது எனக்குத் தெரியாது.

‘எல்’லில் போட்டு,
பாதிச் சுமையோடு,
மாட்டு வண்டிக்குக் கூடக் கோபம் வரும் வேகத்தில்
மேலே போய் இறக்கிவிட்டு,
அதே ‘எல்’லில் இறங்கி வந்தேன்
மிச்சத்துக்கு.

எண்ணினேன்.
எழுபத்தெட்டு, கணக்கு சரி.
ஒன்றில் மட்டும்
ஆடு வாய் வைத்திருந்தது.